மெஷினை உட்காரவைத்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனவர்

சோம்பேறியாக இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர் பம்பாயில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. செம்பூரில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி.

எண்பதுகளின் கடைசி. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற ராட்சச மெஷினில், ஆலைக் குழாய்களில் சூடு எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவோம். ஒன்று முடிந்ததா என்று பார்த்து, வெப்ப அளவை மாற்றி, அடுத்ததை ஓட்ட வேண்டும். அதற்கு ஒருவர் நாள் முழுக்கத் தவம் கிடக்க வேண்டும். பெரும்பாலும் தூங்குமூஞ்சிதான். அப்படிக் கிடந்ததில் அவருடைய நிச்சயதார்த்தமே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இந்த ஞாயிறும் வராவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். பல பிரிவுகள் முறை வைத்து ஓட்டும் மெஷின் எங்களுக்குக் கிடைத்ததும் அந்த ஞாயிறுதான்.

"லீவெல்லாம் கிடையாதுய்யா" என்றார் மேலாளர், மாட்டுங்காக்காரர்.

மனுஷன் அசரவில்லை. மெஷினை ஓட்டும் யுனிக்ஸ் பற்றிய புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தார். விழித்திருந்த நேரத்தில் படிக்கவும் செய்தார். நாங்கள் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரே ஃபைலில் வரிசையாக எழுதினார். ஷெல் ஸ்கிரிப்ட் என்றார். முதல் சோதனையில், எங்கே நிறுத்துவது என்று எழுத மறந்துவிட்டார். பிரிண்டர் ஒரே விடையைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ள, காகிதம் வராந்தா வரை போனது. வாசல் வடாபாவ்காரருக்கு அப்புறம் வெகுநாள் பொட்டலம் கட்டக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

"நீ பண்ற வேலையை மெஷினே பண்ணிடுத்துன்னா, நீ எதுக்குய்யா?" என்றார் மேலாளர்.

"அதத்தான் சார் நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

ஞாயிறு காலை பட்டு வேட்டியில் வந்தார். ஒரே ஒரு கட்டளை தட்டினார். "பாத்துக்கிடுங்க சார். ஆனா தொட்டுராதிய" என்றுவிட்டுப் போயே போய்விட்டார்.

மேலாளரும் நானும் கைகட்டி உட்கார்ந்தோம். ஒரு கணக்கு முடிந்தது. மெஷினே சரிபார்த்து அடுத்ததை எடுத்தது. நடுவில் ஒன்று விடை வராமல் இடறியது. மேலாளரின் கை கீபோர்டுக்குப் போவதற்குள், திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "சார், தொடாதிய." அந்தக் கணக்கை மெஷினே இன்னும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து மறுபடி போட்டு முடித்தது. எங்கே இடறும், அப்போது மேலாளர் என்ன செய்வார் என்பது வரை அந்த மனுஷன் யோசித்து எழுதிவைத்திருந்தார்.

கடைசிக் கணக்கு முடிந்ததும் இன்னொரு வரி வந்தது: "முடிஞ்சிட்டு. ரெண்டு பேரும் தாராவி வாங்க. பந்தி காத்துக்கிட்டிருக்கு."

போனோம். மாப்பிள்ளை மாலையோடு நின்றார். அவர் மறுபடி சென்டருக்கு ஓடிவிடாமல் இருக்கப் பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளை கணக்கைப் பற்றி எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இவங்களுக்கு இலையப் போடுங்க" என்றார்.

இப்போதும் எந்தக் கம்ப்யூட்டராவது தானாக ஒரு வேலையை முடித்துக் காட்டினால், அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார் என்று ஒரு நொடி திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறேன்.