தொட்டிக்கு ஜன்னல் வைத்த கதை

எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி இரும்பால் ஆனது. இரும்பு என்றால் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் அதைக் கவனிக்க ஓர் இலாகா இருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தத் துருத் தண்ணீரால் அதிகம் அடிபட்டவர் சலவைக் கடைக்காரர். வெள்ளையாகப் போன சட்டை டீ நிறத்தில் திரும்பி வந்தால் யார் துணி போடுவார்கள்? கடையை மூடும் நிலை. மனிதர் இலாகாவுக்கு நடையாய் நடந்து, தொட்டியின் உள்பக்கம் முழுக்கக் கலப்பு ரப்பர் ஒட்ட உத்தரவு வாங்கிவிட்டார். ரப்பர் மேஸ்திரி வந்து, இரும்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாதபடி ஒட்டிக் கொடுத்தார். குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. சலவைக்காரர் சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

பிறகு இலாகா ஆய்வாளர் வருகை தந்தார்.

"இரும்பு எங்கய்யா?"

"ரப்பருக்கு அடியில சார்" என்றார் மேஸ்திரி.

"கண்ணுக்கே தெரியாத இரும்பு துருப்பிடிக்கலைன்னு நான் எப்படிச் சான்று குடுக்கறது? ரப்பர்ல ஒரு ஜன்னல் வெட்டு."

மேற்படி நியாயத்தை முன்னிட்டு ஜன்னல் வெட்டப்பட்டது. உள்ளே இரும்பு பளபளத்தது. "அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை பார்க்க வசதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை ஜன்னல் முழுக்கத் துரு.

"பாத்தியா, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு! இன்னும் நாலு வெட்டு."

வெட்டிய துண்டுகளில் ஒன்றை அவர் தம் வீட்டு வாசலில் மிதியடியாகப் போட்டார். வழுக்காது, கிழியாது, பார்க்கவும் கம்பீரம். போதாதா? ஊரே அதற்கு ஆசைப்பட்டது. ஆய்வு ஒரு மக்கள் இயக்கமாக மலர்ந்தது.

"சார், வடக்குப் பக்கம் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"எவ்வளவு சந்தேகம்?"

"ரெண்டடிக்கு மூணடி சார்."

நானும் சந்தேகப்பட்டேன். என் மச்சான், தன் வீட்டுக்கு இரண்டு வாசல் என்பதால், இரண்டு முறை சந்தேகப்பட்டான்.

தண்ணீர் மறுபடி டீயாகியது. சலவைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் ஓடினார்.

"அட, இதுக்கா அழறீங்க? பிச்ச துண்டெல்லாம் கொண்டு வரச் சொல்லுங்க. திரும்ப ஒட்டிடலாம்."

சலவைக்காரர் வீடு வீடாக வந்தார். அவர் சொல்வது முழுக்க நியாயம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அக்கம்பக்கத்தார் கொடுத்தால் நாங்களும் கொடுப்பதாக வாக்களித்தோம். கடைசியில், ஊருக்கு வழிகாட்டத் தம் பங்கிலிருந்தே தொடங்குவது என்று முடிவெடுத்துக் கடைக்குத் திரும்பினார். அங்கே அவர் மனைவி ரப்பர் துண்டின் மேல் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடு. தொட்டிக்கு வேணும்."

"வெறுந்தரையில நின்னு நின்னு காலு செத்துப் போச்சு. இது வந்தப்புறந்தான் வலி இல்லாம இருக்கேன். முதல்ல ஊர்க்காரங்ககிட்ட வாங்கிட்டு வாங்க."

அவர் ஒரு பலகை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதிக் கடை வாசலில் மாட்டினார்:

"வெள்ளைத் துணி எடுப்பதில்லை."