பூஞ்சை கொடுத்த எட்டு நகல்

ஒரு காட்டில் இலையைக் கிள்ளுவதற்கும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். மற்றபடி நல்ல காடுதான்.

அங்கே இருந்தது ஒரே ஒரு வாழைத்தோப்பு. அதில் எழினி என்ற தேவாங்கு தன் வீட்டாரோடு குடியிருந்தாள். ஒருநாள் ஓர் இலையில் கருப்புப் புள்ளிகளைக் கண்டாள். தேவாங்குக் கண்ணுக்கு எது தப்பும்? புள்ளிக்குள் பூஞ்சையின் குட்டிக் குட்டிப் பைகள். பைக்குள் ஓர் உட்கரு. அது இரண்டானது, இரண்டு நான்கானது, நான்கு எட்டானது. எட்டும் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, வித்துகளாகி, வரிசையில் உட்கார்ந்தன. ஈரம் பட்டால் பை வெடித்து, வித்துகள் எல்லா இலைக்கும் பரவும். அப்புறம் தோப்பு காலி.

அந்த ஓர் இலையை வெட்டினால் போதும். எழினி மனுவோடு ஓடினாள்.

"எட்டு நகல் வேணும்மா. ஒண்ணுக்கொண்ணு இம்மியும் மாறக் கூடாது," என்றார் கிளார்க் முள்ளம்பன்றி, தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை உருவிக் காகிதத்தில் குத்தியபடி.

"சார், மழை வந்தா போச்சு!"

"மழை எங்க செக்‌ஷன் இல்ல."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். நேரில் பார்வையிட வந்த முள்ளம்பன்றி, தோப்பிலேயே நின்று நகல்களைச் சரிபார்த்தார். ஆறாவதில் ஒரு காற்புள்ளி குறைந்தது. மனு தள்ளுபடி.

"அதை விடுங்க சார், இந்த இலையைப் பாருங்க!"

கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடே, எட்டு! ஒரே அளவு, ஒரே வரிசை. யார் கொடுத்த மனு இது?"

"அடியேன்தான் ஐயா," என்றது பூஞ்சை. "குடியிருப்பு அனுமதிக்காக."

"மனுவா? இது நோய் சார்!" எழினிக்குக் கொதித்தது. "நகலும் இல்லை. ரெண்டு கரு கலந்து, அப்புறம் பிரிஞ்சு வந்தது. எட்டுக்குள்ள நாலு விதம் இருக்கு!"

"வெளியே தெரியுதா?"

"தெரியாது. ஆனா..."

"அப்ப நகல்தான். படிச்ச பொண்ணு, பார்த்துக் கத்துக்கோ."

எண்ணிக்கையை உறுதிசெய்ய, வழக்கம்போல் விரலை நாக்கில் தொட்டு இலையைப் புரட்டினார். ஈரம் பட்டது. பைகள் வெடித்தன. 'மனுதாரர் குடியேறிவிட்டார்' என்று குறித்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு மாதம் கழித்து, பிழையில்லாத எட்டு நகலோடு எழினி போய் நின்றாள். அதற்குள் தோப்பில் இலையும் இல்லை, அவளுக்கு வீடும் இல்லை.

முள்ளம்பன்றி எட்டையும் நிதானமாகப் படித்தார். 'நோயுள்ள இலை தற்போது எதுவும் இல்லை. புகார் தீர்க்கப்பட்டது' என்று எழுதி, முள் குத்தினார்.

நீதி: நோயாகப் பிறப்பதில் தவறில்லை, எட்டு நகலும் சரியாக இருக்க வேண்டும்.