குலுக்கல் அண்ணனின் ஷாக் அப்சர்பர்

நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைக் குலுக்கல் அண்ணன் அளவுக்குக் கேவலப்படுத்திய மனிதர் மதுரையில் வேறு யாரும் கிடையாது. கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குள் எந்தக் கார் வந்து நின்றாலும், அதன் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்குவார். அது எழும்பி, ஆடி, அடங்குகிறவரை பார்த்துவிட்டு, "இன்னும் ஆடுது பாருங்க. ஷாக் அப்சர்பர் செத்துப்போச்சு" என்று சொந்தக்காரர் முகத்துக்கு நேராகவே இழவு சொல்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே காரை அமுக்கினார். குலுக்கல் அண்ணன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

பணி ஓய்வு பெற்றதும், சினிமாக்காரர்கள் கழித்துவிட்ட கேரவன் ஒன்றை வாங்கித் தன் பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டினார். மனைவி ரோஸ்லின் டீச்சருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பஸ், ரயில் எதிலும் நெடுநேரம் உட்கார முடியாது. வலி எடுக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, கேரவனில் படுக்கவைத்து, அப்படியே தனுஷ்கோடிவரை கூட்டிப்போவது என்று திட்டம்.

கேரவனை மாட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. புது ஸ்பிரிங் போட்டு நிமிர்த்தினார். அப்புறமும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கேரவன் ஜீப்பைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கியது. தொடங்கியது ஷாக் அப்சர்பர் வேட்டை. எண்ணெய் மட்டும் உள்ளது, கேஸ் அடைத்தது, திருகி இறுக்குவது... உதிரிபாகக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே, காலை பத்து மணிக்கே மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இருப்பதிலேயே கெட்டியானதை மாட்டி ஒத்தக்கடைவரை ஓட்டிப் பார்த்தார். நான் பின்சீட்டில்.

"எப்படி இருக்கு ரோசு?"

"அம்மிக்கல்லு மேல உக்காந்து வார மாதிரி இருக்கு. எறக்கி விடுங்க, ஆட்டோவுல வாரேன்."

கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். கெட்டியும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. உசிலம்பட்டிச் சாலையில் போனோம். பாதி வழியில் டீச்சரின் பேச்சு நின்றுவிட்டது. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பிராத மாப்ள. இவ இப்படித் தூங்கி எம்புட்டு வருசமாச்சு" என்றார் அண்ணன். உசிலம்பட்டி வந்தும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனார்.

தனுஷ்கோடிக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் சென்னையிலிருந்து மகன் வந்து இறங்கினான். "இந்த வயசுல வண்டிக்குள்ள படுத்து ஊர் சுத்தப் போறீங்களா? அம்மாவுக்கு ஒண்ணுன்னா யாருப்பா பதில் சொல்றது?" பேச்சில் அக்கறை இருந்தது. அதனாலேயே இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவனோடு சென்னைக்கே போய்விட்டார்கள். அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆளில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புது ஷாக் அப்சர்பரோடு ஜீப் காயலான் கடைக்குப் போனது. கேரவனின் சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்தி, அதற்குள் ஒருவர் சிக்கன் பொரிக்கிறார். டீச்சர் சென்னையில் மகன் வீட்டில், எட்டாவது மாடியில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். "மாப்ள, தனுஷ்கோடி ரோடு இப்ப எப்படிக் கெடக்கு?"

முந்தின நாள்தான் போய்வந்திருந்தேன். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

"படுமோசம்ணே. பூராம் குண்டும் குழியும். டீச்சரால தாங்க முடியாது."



"அப்பச் சரி மாப்ள. நல்லவேளை, போகல."