மலிவாகச் சாப்பிட மாமனாரை அழைத்துப் போன இடம்

எங்கே சாப்பிடலாம் என்று யாராவது என்னிடம் கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. திருநெல்வேலியில் போர்டே இல்லாத கடைகள் பதினேழு எனக்குத் தெரியும். டவுனில் எந்தச் சந்தில் காலையில் இடியாப்பமும் சொதியும் கிடைக்கும், மேலப்பாளையத்தில் எந்த வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணி போடுவார்கள், எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பேன். (இந்த அறிவுக்குப் பட்டம் எதுவும் தருவதில்லை. தந்திருந்தால் வீட்டில் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.) என் முறை எளிது. போர்டைப் பார்க்காதே, உள்ளூர்க்காரன் எங்கே நுழைகிறான் என்று பார். இந்த முறையை ஸ்விட்சர்லாந்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. என் மனைவி செல்வியின் தம்பி சூரிச்சில் வேலை பார்க்கிறான். அவன் டிக்கெட் போட்டு எங்கள் மூன்று பேரையும் வரவழைத்தான்: நான், செல்வி, மாமனார். மாமனார் ஆழ்வார்திருநகரிக்காரர், முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மாமியார் போன பிறகு ஊரில் தனியாக இருந்தார். விடியும் முன்பே தாமிரபரணியில் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்றால்தான் அவருக்கு நாள் தொடங்கும். அவரை இனித் தனியாக விடக்கூடாது, யார் வைத்துக்கொள்வது என்று அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அவருக்குக் காது மந்தம் என்பது அவர்களுடைய நினைப்பு. கடைசி சீட்டில் முனகியவனுக்கெல்லாம் சரியான ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த காது அது.

போன முதல் நாள் மச்சினன் எங்களை ஓர் இந்திய ஹோட்டலுக்கு அழைத்துப் போனான். மாமனார் மெனுவைப் பிரித்தார், தோசையின் விலையை மனசுக்குள் நம்மூர்க் காசுக்கு மாற்றினார், மெனுவை மூடினார்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. தண்ணி மட்டும் போதும்."

தண்ணிக்கும் காசு என்று மச்சினன் சொன்னதும் எழுந்தே விட்டார்.

அதன்பிறகு மூன்று வேளையும் வீட்டில் ரவை உப்புமாதான். நாலாம் நாள் இரவு நான் பொறுமை இழந்து அறிவித்தேன். "நாளை மதியம் உள்ளூர்ச் சாப்பாடு. மலிவா, வயிறு நிறைய. என் பொறுப்பு."

"பேசாம உப்புமாவத் தின்னுங்க" என்றாள் செல்வி. என் வாழ்க்கையில் அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டிய சந்தர்ப்பங்களைப் பட்டியல் போட்டால் இதுதான் முதலில் வரும்.

மறுநாள் காலை வேவு பார்க்கக் கிளம்பினேன். பதினொன்றரை மணிக்கு ஏரிக்கரையில் வயதானவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். வாசலில் அன்றைய சாப்பாடு எழுதியிருந்தது. மற்ற கடை விலையில் மூன்றில் ஒரு பங்குதான்! உள்ளே போய் விசாரித்தேன். கல்லாவில் இருந்த அம்மாள் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினாள். இது முதியோர் இல்லம், ஆனால் சாப்பாட்டுக்கூடம் எல்லோருக்கும் பொது, அக்கம்பக்கத்துக்காரர்கள் தினமும் வருவார்கள், நீங்களும் தாராளமாக வரலாம்.

எனக்குப் புல்லரித்துப் போனது. வந்து ஐந்தே நாளில் பதினெட்டாவது கடை!

வீட்டில் விவரம் சொல்லவில்லை. முதியோர் இல்லம் என்றால் மாமனார் வரமாட்டார். சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். (என் மூளை வேலை செய்யும் அழகை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

மச்சினன் வேலைக்குப் போய்விட்டதால் நாங்கள் மூன்று பேர்தான் போனோம். சாப்பாடு அருமை. உருளைக்கிழங்கைத் துருவி ரொட்டி மாதிரி மொறுமொறுப்பாகப் பொரித்திருந்தார்கள். காய்கறி சூப், கடைசியில் ஆப்பிள் போட்ட இனிப்பு. மாமனார் மட்டும் தட்டைப் பார்க்காமல் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மேசையிலும் நரைத்த தலைகள், பக்கத்தில் கைத்தடிகள்.

"ஏறுனவங்க மட்டும் இருக்காவ. எறங்குனவங்க யாரையும் காணோமே" என்றார்.

கண்டக்டர் நகைச்சுவை என்று நினைத்து நான் உரக்கச் சிரித்தேன்.

செல்வி கை கழுவப் போன நேரத்தில் காலையில் கல்லாவில் இருந்த அந்த அம்மாள் வந்தாள். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டாள். எழுபத்து மூன்று, தனியாக இருக்கிறார், மாடிப்படி தானே ஏறுவார் என்று பெருமையாகச் சொன்னேன். அறைகளைப் பார்க்க விருப்பமா என்றாள். ஓசியில் எதைக் காட்டினாலும் பார்த்துவிடுவது எங்கள் பரம்பரைக் குணம். கிளம்பிவிட்டேன், மாமனாரையும் கூட்டிக்கொண்டு.

முதல் மாடியில் ஒரு காலி அறை. வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், ஜன்னல் வழியே ஏரி. மாமனார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இங்கன சாமி படம் ஒண்ணு மாட்டலாமான்னு கேளுங்க மாப்பிள்ளை."

அவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று வியந்து நான் மொழிபெயர்த்தேன். தாராளமாக மாட்டலாம் என்றாள் அவள்.

"விடியுமுன்ன குளிச்சா ஏசுவாவளா?"

அதையும் கேட்டேன். ஏச மாட்டார்கள், வெந்நீர் எந்நேரமும் வரும் என்றாள்.

"மாசத்துக்கு ஒருக்கா புள்ளைய வந்து என்னையப் பாக்கலாமா?"

இதையும்கூட உற்சாகமாக மொழிபெயர்த்த மடையன் நான். தினமும் வரலாம் என்று சொல்லி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். மாமனார் கட்டிலின் ஓரத்தில் பைய உட்கார்ந்தார்.

அப்போதுதான் செல்வி எங்களைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள். "என்னப்பா, இங்க என்ன செய்யுதிய?"

"ஒண்ணுமில்லளா. நல்ல எடம்தான். ஆத்துக்குப் பதிலா குளம் தெரியுது. என்னைய யாரு வெச்சுக்கிடதுன்னு நீயும் தம்பியும் சண்ட போட வேண்டாம். மாப்பிள்ளை எல்லாம் பேசி முடிச்சிட்டாவ."

செல்வி கட்டில், கைப்பிடி வைத்த குளியலறை, நான் என்று வரிசையாகப் பார்த்தாள்.

"ஐயோ மாமா, நாம சாப்பிடத்தான் வந்தோம்! மலிவா இருந்துச்சு, அதான்..."

"மலிவா இருந்துச்சுன்னு எங்கப்பாவ முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டு வந்தியளாக்கும்!" செல்வி போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மொழி புரியாத அந்த அம்மாள் என் தோளில் கை வைத்து, முதல் நாள் எல்லாக் குடும்பங்களும் அழத்தான் செய்யும், நிதானமாக முடிவு செய்யுங்கள் என்று சொல்லி ஒரு விண்ணப்பப் படிவத்தையும் கண் துடைக்கக் காகிதப் பெட்டியையும் கையில் கொடுத்தாள். அந்த நிமிடம் அந்தக் கட்டிலுக்கு அடியில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தால் நானே படிவத்தை நிரப்பியிருப்பேன்.

திரும்பும்போது டிராமில் மாமனார் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப, நான் உங்ககூட ஊருக்கு வாறேனா மாப்பிள்ளை?"

விலை பார்த்துப் பார்த்து ஒரு மனிதரை இந்தக் கேள்வி கேட்க வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "எங்க வீட்டுக்கே வாறிய. பாளையங்கோட்டையில மாடி ரூம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். (அதுவரை அந்த அறையில் என் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தது. அதில் துணிதான் காயும்.) அக்காவும் தம்பியும் ஐந்து நாளாகப் பேசி முடியாத விஷயம் அத்தோடு முடிந்தது.

"டிக்கெட் கிழிச்சாச்சு. இனி மாத்தப்படாது" என்றார் மாமனார்.

இப்போது அவர் மாடியில்தான் இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார். நான் புதுக்கடை எதற்காவது அழைத்தால் ஒரு துணிப்பையோடு இறங்கி வருவார். உள்ளே வேட்டி, பல்பொடி, மாத்திரை, சாமி படம்.

"சாப்பிடத்தான் போறோம், பை எதுக்கு மாமா?"

"கூட்டிட்டுப் போறது நீங்கள்லா."

போன மாதம் அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு கடை கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பைகளோடு இறங்கி வந்தார். இரண்டாவது பையைத் திறந்து பார்த்தால் என் லுங்கி, என் மூக்குக்கண்ணாடி, என் பிரஷர் மாத்திரை.

"உங்களுக்கும் அம்பத்தெட்டு ஆகுதுல்லா மாப்பிள்ளை" என்றார். "ரெண்டு பேராப் போனா ரூமு மலிவாக் கெடைக்கும்."