ரிப்பீட் ஆல்

உலகத்தில் 'அதேதான்' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. எங்கும் தென்படும் என்றாலும், அது செழித்துக் கொழுப்பது ஆஸ்பத்திரி வார்டுகளில்தான். காலை எட்டு மணிக்கு டாக்டர் உருவத்தில் நுழையும். கேஸ் ஷீட்டைத் திறக்கும், நேற்றைய பக்கத்தை ஓரக்கண்ணால் பார்க்கும், 'ரிப்பீட் ஆல்' என்று கிறுக்கும், அதாவது நேற்றுக் கொடுத்ததையெல்லாம் இன்றும் கொடு. நோயாளியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் பறக்கும். முப்பது கட்டில், இருபது நிமிடம். எதற்கு யோசிப்பது? நேற்றே யோசித்தாயிற்றே! நேற்றும் யோசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

திண்டுக்கல்லில் நானறிந்த இளஞ்செழியன் டாக்டர் இந்த இனத்தின் திலகம். அவர் வார்டுக்குக் கை முறிந்து வந்தார் ஒரு பூ விவசாயி. பொம்மையன் என்று வைத்துக்கொள்வோம்; நிஜப் பெயரைத் தேடி ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏறாதீர்கள்.

"வேற ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?" என்று வார்டே கேட்கக் கேட்டார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் புருஷனுக்குத் துணையிருந்த கருப்பம்மாளின் காது நீண்டது. அதில் விழுந்த சேதி, ரயிலுக்கு முன்னால் கொடைரோடு போய்ச் சேரும். பொம்மையன் அந்தக் காதைப் பார்த்தார்.

"சத்து மாத்திரை சார். தெனம் ஒண்ணு."

"சத்து மாத்திரையா? நாங்களே தாரோம். அத நிப்பாட்டிருங்க!"

அவர் லேபிளைக் கிழித்து வைத்திருந்த மாத்திரை டப்பா நர்ஸ் மேசை டிராயருக்குள் போயிற்று. மறுநாள் ரிப்பீட் ஆல். அதற்கு மறுநாளும் ரிப்பீட் ஆல்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் நேரத்தில் பொம்மையனின் தலையணைக்கடியில் சேவல் கூவியது. செல்போன் அலாரம்; முந்தைய நாட்களில் கூவுமுன்பே அமுக்கிவிட்டிருந்தார்.

"யாருய்யா வார்டுல கோழி வளக்குறது?" என்றார் டாக்டர். வார்டே உருண்டு சிரித்தது. பொம்மையன் இடக்கையால் சேவலை அமுக்கினார், கண் கலங்கியிருந்தது. நர்ஸ் பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சத்து மாத்திரைக்கு எவராவது அலாரம் வைப்பார்களா? அது விட்டுப்போனதற்கு அழுவார்களா?

"கட்டு மாத்தணும்ண்ணே, வாங்க" என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அது என்ன மாத்திரைண்ணே? இந்தக் கதவத் தாண்டாது."

"எச்.ஐ.வி.க்கு, தாயி. ஆறு வருசமா ஒரு நா விட்டதில்ல. இப்ப மூணு நாளாச்சு. அம்புட்டுக் கட்டுப்பாடும் வீணாப் போச்சா?"

"இப்பவே கேட்டுருவோம்."

அவருக்கு அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போன் பறந்தது. உடனே ஆரம்பியுங்கள், இனி ஒரு நாள்கூட விடாதீர்கள், அடுத்து ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். எலும்புக்குக் கொடுக்கும் கால்சியத்தை மட்டும் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது, அதை மதியத்துக்குத் தள்ளுங்கள் என்றார்கள். கால்சியமும் காலை எட்டுக்குத்தான்; இதையும் சேர்த்து வெறும் 'ரிப்பீட் ஆல்' போட்டால் இரண்டையும் ஒன்றாக விழுங்க வைத்திருக்கும்!

பொம்மையனிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, டாக்டரை அந்த அறைக்கே அழைத்து விஷயத்தைச் சொன்னார் பாண்டிச்செல்வி.

"நான் கேட்டேனே!" என்றார் டாக்டர், முகம் சுருங்கி.

"ஊருக்கு நடுவுல கேட்டீங்க சார்."

டாக்டர் கெட்டவரல்ல. உட்கார்ந்து, ஒவ்வொரு மருந்தாக, நேரத்தோடு எழுதினார். அவருக்கு இவ்வளவு அழகான கையெழுத்து இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நான்காம் நாள் சேவல் கூவியது. வார்டு சிரித்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் பொம்மையன். கதை கேட்ட எனக்கே குதிக்கத் தோன்றியது. அடுத்த கட்டிலில் டாக்டரின் பேனா 'ரிப்...' வரை போயிற்று. பாண்டிச்செல்வி இருமினார். பேனா நின்றது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் மெடிக்கலில் காலி அட்டையை நீட்டி, "அப்பாவுக்கு இதேதாண்ணே" என்றது யார்? கூடவே வேறென்ன போடுகிறார் என்று அப்பாவைக் கேட்டீர்களா? கேட்டிருப்பீர்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டீர்களா?