ஒரு பெட்டியில் இரட்டைக்குடித்தனம்

அலுவலகக் கணினியின் உறையை எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே எதையும் சேர்க்கவும் கூடாது. சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு நேர் கீழே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தவர், நாங்கள் இரட்டைக்குடித்தனம் என்று பட்டப்பெயர் வைத்திருந்த எங்கள் கிளார்க். விதியை அவ்வளவு ஒழுங்காகப் படித்துவிட்டு மீறியவர் திருவனந்தபுரத்தில் வேறொருவர் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். தம்பானூர் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் சூப்பிரண்டு. அவர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர். எல்லாரும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய டிஸ்கை அழிக்க ஒரு டெக்னீஷியன் வந்தான். ஊழியர்களின் பணிப் பதிவுகள் அதில்தான் இருந்தன. காகிதப் பதிவேடுகளைக் கூரை ஒழுகிக் கூழாக்கியிருந்தது.

"சாரே, ஃபார்மேட் செய்யட்டே?"

"தொட்டா கைய ஒடிச்சுருவேன். முதல்ல பழைய டிஸ்குக்க ஒயரைக் கழத்து மக்கா. ஒனக்க புது சிஸ்டம் இந்தப் புது டிஸ்குல குடியேறட்டு. அதுவரைக்கும் ரெண்டுபேரும் மொகம் பாக்கப்பிடாது. பாத்தா, ஒனக்க ஆளு வாசல்ல தன் பேரை எழுதிப்போட்டுருவான். அப்புறம் பழையவன் எப்பிடி வீட்டுக்குள்ள வருவான்?" என்று இரட்டைக்குடித்தனம் குறுக்கே நின்றார்.

புது டிஸ்க் அவரே எங்கிருந்தோ கொண்டுவந்தது. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறிப்பெழுத வேண்டிவந்திருக்கும். ஒரு பெட்டி, இரண்டு டிஸ்க், அடுப்பு தனித்தனி; அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது இதனால்தான். சுவிட்சைப் போட்டதும் ஒரு விசையை அழுத்தி, இன்று யார் வீடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்காக ஒரு பதிவேடும் வைத்து, கையெழுத்துப் போடாதவர்களை விசைப்பலகையைத் தொடவிடமாட்டார். ஆபீசரையும் போட வைத்தார்.

எங்கள் ஓமனா பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். அவளை முழுநேரமாக்க, பன்னிரண்டு வருடப் பணிக்குச் சான்று கேட்டார்கள். இரட்டைக்குடித்தனம் பழைய டிஸ்கிலிருந்து அச்சிட்டுக் கொடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது ஒரு கேள்வி: சான்றின் அடியில் நேரம் அதிகாலை ஐந்து பத்து. பத்து மணிக்குத் திறக்கும் அலுவலகத்தில் அதை அச்சிட்டது யார்?

விடியற்காலையில் பெருக்க வருவதால் சாவி ஓமனாவிடம்தான் இருக்கும்; சான்றை அவளே அடித்துக்கொண்டாள் என்று சந்தேகம்.

"ஞான் அந்த மெஷீனைத் தொட்டதே இல்லை சாரே, தூசி துடைக்கக்கூட பயம்," என்று அழுதாள்.

இரட்டைக்குடித்தனம் ஒரு பகல் முழுக்கப் பெட்டியை இப்படியும் அப்படியும் எழுப்பிப் பார்த்தார். புதிய சிஸ்டம் பெட்டியின் கடிகாரத்தை லண்டன் கிரீன்விச் நேரத்தில் வைத்துவிட்டுப் போகிறது. பழையது அதையே நம்மூர் நேரம் என்று நம்புகிறது. வித்தியாசம் ஐந்தரை மணி. சான்று அச்சானது காலை பத்து நாற்பதுக்கு. விளக்கம் எழுத உட்கார்ந்தார்.

"ஓய், இதை எழுதினா ரெண்டாவது டிஸ்கையும் ஒத்துக்கணும். மெமோ உமக்குத்தான்," என்றேன்.

"வரட்டு சாரே. அவ பன்னெண்டு வருசம் தூத்துப்பெருக்குனது இல்லைன்னு ஆயிரப்பிடாதுல்லா?"

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். புதிய சிஸ்டத்தில் மணி பதினொன்று. அணைத்து, பழையதை எழுப்பினால் ஐந்தரை.

"இது எந்த ஊர் டைம்?"

"லண்டன் சாரே. ஓமனா அங்க போயி பிரிண்ட் அடிச்சுட்டு, அன்னைக்கே இங்க வந்து தூத்துப்பெருக்குனாள்னா சொல்லுதிய?" என்றார் இரட்டைக்குடித்தனம்.

அதிகாரி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு போனார். பிறகு மாதக்கணக்கில் மௌனம். மூன்று நினைவூட்டல்கள் நானே அனுப்பினேன். ஓமனா தினமும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுப்பாள்.

கடைசியில் பதில் வந்தது, ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாளில். முதல் பத்தியில் ஓமனாவின் பணி ஏற்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் இரட்டைக்குடித்தனத்துக்குக் கண்டனம். அவரோ காய்ச்சலோடு விதுராவில் மகள் வீட்டில் படுத்திருந்தார். நான் தபாலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தம்பானூரில் விதுரா பஸ் ஏறினேன். என் சர்வீஸில் அனுமதி வாங்காமல் நான் எடுத்த ஒரே அரைநாள் விடுப்பின் தேதியும் அந்த அத்தம்தான்.