மாப்பிள்ளை வண்டியின் ஹீட்டர்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவியும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் தாயாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியக் குறைவாக இருந்தது தங்கள் வண்டி ஒன்றுதான், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால், தாங்கள் பேசும்போது நடுவில் நுழைய எனக்கு இடம் கிடைப்பதில்லை.

"உங்க பொண்ணு சொல்லாம கொள்ளாம வண்டியை எடுத்துட்டு அங்க வந்திருக்கா. ஹீட்டரையும் கெடுத்து வெச்சிருக்கா. சரி பண்ணி, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டையும் அனுப்பி வைங்க" என்று தாங்கள் உத்தரவு போட்டீர்கள். மெக்கானிக்கிடம் விட்டால் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றே கெடு தாண்டிவிடும் என்று பயந்து நானே இறங்கினேன். காலமெல்லாம் பஸ் டிப்போவில் குப்பை கொட்டியவன் அல்லவா! பஸ்ஸைப் பிரித்து மாட்டியதில்லை, அது வேறு விஷயம். சாயங்காலம் திரும்பி வரும் பஸ்களைச் சுற்றி வந்து எது நசுங்கியிருக்கிறது, எப்படி நசுங்கியது என்று அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. இருந்தாலும் டிப்போ ஆள் டிப்போ ஆள்தானே.

முதலில் ஃப்யூஸைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார், தலைவலி முதல் தண்ணீர்க் குழாய் வரை எதற்கும் போனில் ஒரு வீடியோ காட்டுவார், அதனால் எங்கள் தெருவில் அவருக்கு வீடியோக்காரர் என்றே பெயர். அவர் எட்டிப் பார்த்து, "ஃப்யூஸ்தான் சார், கண்ணை மூடிட்டுச் சொல்றேன்" என்றார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு நான் பிடுங்கியது ஹார்னுடைய ஃப்யூஸ். ஹார்ன் போனது எனக்குத் தெரியாது, சாயங்காலம் தெருமுனையில் ஒரு சைக்கிள்காரருக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் என்னைப் பற்றிச் சொன்னதை மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் எழுத முடியாது.

அடுத்த நாள் உங்கள் அத்தையை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து, நான் இந்தப் பக்கம் கால் வைக்கிற இடத்தில் தலையை நுழைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஹீட்டரை ஒண்ணுல வை என்றேன். டார்ச் வாயில் இருந்ததால் அவள் காதில் என்ன விழுந்ததோ, கீழே இறங்கி வந்து என்ன வேணும் என்று கேட்டாள். மறுபடி ஏறினாள். ஒன்றில் காற்று இல்லை, இரண்டில் இல்லை, மூன்றிலும் இல்லை. நாலில் திருப்பினாள் பாருங்கள், வண்டி வாங்கிய நாளிலிருந்து உள்ளே சேர்ந்திருந்த தூசியும் சருகும் ஒரே மூச்சில் என் முகத்தில் வந்து அடித்தன. கூடவே உள்ளே ஏதோ டகடகவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். நான் தும்ம, தலை மேலே இடிக்க, டார்ச் எங்கோ ஓட, உங்கள் அத்தை நிதானமாக, "என்னங்க வண்டி இது, நடுவுல எதுவுமே கிடையாதா? ஒண்ணு பேச்சு மூச்சில்லாம கிடக்கு, இல்லேன்னா ஆளையே தூக்குது" என்றாள். ஜன்னலில் நின்றிருந்த மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நாலு மட்டும் ஓடினால் மோட்டார் நல்லது, ஃப்யூஸும் நல்லது, காற்றைக் குறைத்துக் கொடுக்கிற ரெசிஸ்டர் என்ற சின்னச் சாமான்தான் போச்சு என்று அர்த்தமாம். வீடியோக்காரர் காட்டியதிலேயே உருப்படியான வீடியோ அது ஒன்றுதான். வழியில் அடித்த அந்தக் குளிரில் நாலிலாவது வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே, ஏம்மா ஸ்வெட்டர் கையால பனி மூடின முன்கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு ஓட்டிட்டு வந்தே என்று மகளைக் கேட்டேன். "அந்தச் சத்தம் கேட்டா பயமாயிருக்குப்பா, அதான் அணைச்சிட்டேன்" என்றாள். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம், தங்களுக்குத் தெரியாததா.

அந்த ரெசிஸ்டர் இருப்பது முன்சீட்டுக்கு எதிரே சாமான் போடுகிற பெட்டிக்குப் பின்னால். பெட்டியின் மூடி திறக்கவில்லை. நெம்பினேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி (திரும்ப மாட்டியபோது ஒன்று மிச்சம், அது எங்கே உட்கார வேண்டியது என்று வண்டிக்கும் தெரியவில்லை) பெட்டியை மொத்தமாக வெளியே இழுத்தேன். மூடி நடுவில் விரிந்து உள்ளே போயிருந்தது. அதன் அழுத்தத்தில் பெட்டியின் பின்பக்கமும் உடைந்து, ரெசிஸ்டர் மேல் போய் இடித்து, அதைப் பிளந்திருந்தது. டகடக சத்தத்துக்கும் காரணம் அகப்பட்டது. காற்றாடிக்குள் ஒரு மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காது, காதில் மாட்டுகிற கம்பி. பழுப்பு நிறம், மகளுக்கு நான் வாங்கித் தந்தது. "கண்ணாடியை வீட்லயே மறந்து வெச்சுட்டேன்பா" என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். அது இல்லாமலா அவ்வளவு தூரம் ஓட்டி வந்தாள்!

பழக்க தோஷம் என்னை விடுமா? எதில் பட்டு இப்படி நசுங்கியது என்று பார்க்க, பெட்டியைப் பழைய இடத்தில் பொருத்தி, உங்கள் அத்தையை அந்த சீட்டில் உட்காரச் சொன்னேன். முழங்கால் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. கொஞ்சம் முன்னால குனி என்றேன். குனிந்தாள். அவள் நெற்றி சரியாக அந்த விரிசலுக்கு நேரே வந்து நின்றது. மகள் நெற்றியில் பிளாஸ்திரி போட்டிருக்கிறாள், அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டாளாம். உங்கள் அத்தை அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "போதும், கதவைத் திறங்க" என்று இறங்கி உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை.

தாங்கள் சடன் பிரேக் போட்டிருப்பீர்கள். ரோட்டில் நாய் குறுக்கே வந்திருக்கும். டிப்போவில் எந்த டிரைவரைக் கேட்டாலும் நாய்தான் சார் என்பார்கள், நானும் நாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஊரில் அத்தனை நாய் கிடையாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் தாங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

புது ரெசிஸ்டர் மாட்டியாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. சூடும் வருகிறது, குளிர்ச்சியும் வருகிறது. ஆகவே தாங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமை வண்டியையும் மகளையும் அனுப்பி வைக்கிறேன். அவள் ஏதாவது தப்பு செய்திருந்தால் பெரிய மனது பண்ணி மன்னித்து, பார்த்து நடத்திக்கொள்ள வேண்டும்.

தங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கங்கள். தாங்கள் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. தபாலில் போடுவதற்கு முன்னால் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஏம்மா, வண்டி போய்க்கிட்டிருக்கும்போது நாய் ஏதாவது குறுக்க வந்துச்சா?" என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "வண்டி நின்னுட்டிருந்துச்சுப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வாடகை டிரைவர் ஒருவர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து விடுவார். அதில் வேறு யாரும் வரமாட்டார்கள். ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பெட்டியின் மூடியை மட்டும் நான் மாட்டவில்லை. அதையும் அந்தக் கண்ணாடிக் காதையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இன்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம். அறிக்கையை நானே எழுதிவிட்டேன். இந்தத் தடவை நாய் என்று எழுதவில்லை.